சித்திரம் சோறு போடுமா?

சென்ற வாரம் ஒரு நாள் மாலை. பள்ளிக்கூடத்து மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆரவாரத்துடன் வெளியே போன பிறகு, நானும் ரயிலுக்குப் புறப்படலாம் என்று எழுந்தேன். அச்சமயம் திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவருடைய புதல்வன் என்னிடம் பத்தாவது வகுப்பில் படிக்கிறான். தகப்பனார் கையில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதை மேஜைமீது வைத்து, முன்பக்கத்தைத் திறக்காமல் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினார்.

"சார், நீங்களே பாருங்கள். கணக்குப் போடு என்று நோட்டு வாங்கிக் கொடுத்தால் பையன் செய்கிற வேலையை!" என்றார்.

பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து பதினான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து ஆறு கட்டங்கள். கட்டங்களுக்குள் ஒரு கதை. விழுப்புரத்தில் காலை ரயிலில் ஒரு பூக்காரப் பாட்டி ஏறுகிறாள். திண்டிவனத்தில் இறங்குகிற அவசரத்தில் பூக்கூடையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். கூடை ஒலக்கூருக்குப் போகிறது. அப்பால் தொழுப்பேட்டுக்கும் போகிறது. அங்கே காலேஜ் மாணவி ஒருத்தி அதை எடுத்து எதிர் வண்டியில் ஏறும் போலீஸ்காரரிடம் கொடுக்க, அவர் சுண்டல் விற்கும் பையனிடம் கொடுக்க, இப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசியில் பாட்டியிடமே கூடை வந்து சேருகிறது. கடைசிக் கட்டத்தில் பாட்டி மூடியிருந்த துணியை விலக்கிப் பார்க்கிறாள். உதவி செய்த புண்ணியவான்கள் ஆளுக்கு ஒரு முழம் எடுத்துக்கொண்டது போக, அடியில் இரண்டு முழம் மிச்சம் இருக்கிறது!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தகப்பனார் சிரிக்கவில்லை.

"நீங்களும் சிரிக்கிறீர்களே, சார்! கடையில் உட்காரச் சொன்னால் பொட்டலம் மடிக்கிற காகிதத்தில் படம் போடுகிறான். படித்து உத்தியோகத்துக்குப் போகவேண்டும். இல்லையென்றால் கடையையாவது பார்க்கவேண்டும். இரண்டுமில்லாமல் இது என்ன? நீங்கள் பட்டம் பெற்றவர், நாலும் தெரிந்தவர். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தச் சித்திரம் இவனுக்குச் சோறு போடுமா?"

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சுமார் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் வேறொரு பையனிடமிருந்து இதே மாதிரி ஒரு நோட்டை நான் பறித்து மேஜைக்குள் போட்டுப் பூட்டியதுண்டு. வருஷக் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துபோனேன். அந்தப் பையன் இன்று ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறான். விழுப்புரம் ஜங்ஷனில் என்னைக் கண்டால் கும்பிடுவான். "இப்பொழுதும் படம் போடுகிறாயா, அப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் எப்போதோ விட்டாயிற்று, சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த நோட்டில் என்ன கதை இருந்தது என்பது எனக்கு ஞாபகமில்லை. படித்துப் பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்?

ஆகவே மளிகைக் கடை அன்பரிடம், "ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கே வந்து பதில் சொல்கிறேன். அதுவரையில் நோட்டு என்னிடம் இருக்கட்டும்" என்று தவணை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வழி நெடுக யோசிப்பதற்கு நேரம் இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் நான் யோசித்ததை நேயர்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டு நோட்டுகளின் பின்பக்கத்திலும் இப்படி ஏதாவது இருக்கலாம் அல்லவா?

படக்கதை போடுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. பத்திரிகையிலோ பதிப்பகத்திலோ மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து, யாரோ எழுதிய கதைக்குப் படம் போடுகிறவர்கள் ஒரு சாரார். கதையும் தமதே, கோடும் தமதே, நஷ்டமும் தமதே என்று சுயேச்சையாக நிற்கிறவர்கள் மற்றொரு சாரார். இரண்டாவது சாராரைப்பற்றி எண்ணும்போது நம் தேசத்தில் முதலில் நினைவுக்கு வருகிறவர் ஸ்ரீ ஒரிஜித் ஸென்.

இவர் 1963-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆமதாபாத்திலுள்ள தேசீய வடிவமைப்புக் கலாசாலையில் பயின்றவர். அந்தக் காலத்தில் நர்மதை நதியின் குறுக்கே சர்தார் சரோவர் என்னும் பெரிய அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. 1961-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய அணை அது. 2017-ல்தான் முழுமை பெற்றுத் திறக்கப்பட்டது. நடுவிலுள்ள அந்த ஐம்பத்தாறு வருஷங்களில், தண்ணீரில் முழுகப்போகும் கிராமங்களின் ஆதிவாசிகளும் குடியானவர்களும் நடத்திய கிளர்ச்சியை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். உலக பாங்கி 1985-ல் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டு, 1993-ல் அந்தக் கடன் நின்றுபோயிற்று என்றால் கிளர்ச்சியின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்ரீ ஸென் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார், ஜனங்களுடன் பழகினார், பார்த்ததை வரைந்துகொண்டார். பல வருஷ வேலையின் பயனாக 1994-ல் 'ரிவர் ஆப் ஸ்டோரீஸ்', அதாவது 'கதைகளின் நதி' என்ற புத்தகம் வெளிவந்தது. சுற்றுச்சூழல் காரியங்களில் ஈடுபட்ட 'கல்பவிருக்ஷம்' என்னும் சங்கம் அதை வெளியிட்டது. இந்தியாவில் தோன்றிய முதல் சித்திர நாவல் என்று அதைப் பலரும் சொல்லுகிறார்கள்.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் வர்ணம் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். இரண்டு கதைகள் அதில் பின்னிப் பின்னி வருகின்றன. மல்கு காயன் என்னும் பாடகன் உலகம் பிறந்த கதையையும் நதி பிறந்த கதையையும் பாடுகிறான். பட்டணத்திலிருந்து விஷ்ணு என்னும் பத்திரிகை நிருபன் அணையைப்பற்றி எழுதுவதற்காக வருகிறான். பாடகனுடைய கதை வரும்போது கட்டங்களின் கட்டுப்பாடு தளர்ந்து, கோடுகள் ஆதிவாசிகளின் சுவர்ச் சித்திரங்களைப்போல் வளைந்து ஓடுகின்றன. நிருபனுடைய கதை வரும்போதோ கட்டங்கள் சதுரமாக, கோடுகள் கறாராக, ஐரோப்பியப் படக்கதைகளின் பாணியில் நிற்கின்றன. பள்ளிக்கூடத்து வாத்தியார் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரே கை இரண்டு எழுத்து எழுதுகிறது. எந்த எழுத்து யாருடையது என்று வாசிக்கிறவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் புத்தகம் அவரைக் குபேரனாக்கியதா என்றால், இல்லை. சிறு பதிப்பாக வெளிவந்த அது சீக்கிரமே கடைகளில் அகப்படாமல் போய்விட்டது. வேண்டியவர்கள் பிரதி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்தார்கள். 2022-ல்தான் மறுபதிப்பு வந்தது. அதை வெளியிட்டவர்கள் நம் சென்னையில் இருக்கும் 'பிளாப்ட்' பதிப்பகத்தார் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு. அதற்கு முன்பு தமிழ்த் துப்பறியும் கதைகளையும் பேய்க் கதைகளையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தொகுத்துப் போட்ட துணிச்சல்காரர்கள் அவர்கள். ஆக, முதல் பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷங்கள்! அத்தனை காலமும் அரிசி பருப்புக்கு என்ன வழி என்று மளிகைக் கடைக்காரர் கேட்கமாட்டாரா?

வழி இருந்தது. 1990-லேயே ஸ்ரீ ஸென்னும் அவருடைய மனைவியாரும் சேர்ந்து டில்லியில் 'பீப்பிள் ட்ரீ' என்ற கடையை ஆரம்பித்திருந்தார்கள். சித்திரம் அச்சிட்ட பனியன்கள், கைவினைப் பொருள்கள், புத்தகங்கள் எல்லாம் அங்கே விற்பனையாயின. பிற்காலத்தில் பஞ்சாபில் ஆனந்தபூர் சாஹிப் என்னும் ஊரில் 2011-ல் திறக்கப்பட்ட பெரிய காட்சிசாலைக்குப் பஞ்சாபியர் வாழ்க்கையைக் காட்டும் பிரம்மாண்டமான சுவர்ச் சித்திரம் ஒன்றை உருவாக்கினார். கோவா சர்வகலாசாலையில் மாரியோ மிராண்டாவின் பெயரால் அமைந்த பீடத்தில் வருகைப் பேராசிரியராக இருந்து, மாணவர்களை மாப்புஸா என்னும் ஊரின் சந்தைக்கு அழைத்துச் சென்று, அங்கே விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் பார்த்து வரையச் செய்தார். கடைக்காரர், சுவர்ச் சித்திரக்காரர், உபாத்தியாயர் என்று மூன்று வேஷம் போட்டவர்தான் நாலாவதாகப் படக்கதைக்காரராக இருக்க முடிந்தது.

சரி, சம்பளத்துக்கு அமர்ந்தவர்களின் கதி என்ன? அதுவும் நமக்குத் தெரிந்த கதைதான். விக்கிரமாதித்த மகாராஜா ஒரு கையில் வாளும் தோளில் பிரேதமுமாக மயானத்தில் நடந்து வருகிற படத்தை 'அம்புலிமாமா'வில் பார்க்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அதை வரைந்த 'சங்கர்', அதாவது ஸ்ரீ கே. ஸி. சிவசங்கரன், தாராபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் 1924-ல் பிறந்தவர். சென்னை அரசினர் கலைப் பள்ளியில் தேவி பிரஸாத் ராய் சௌதுரி தலைவராக இருந்த காலத்தில் பயின்றார். 1946-ல் 'கலைமகள்' பத்திரிகையில் எண்பத்தைந்து ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். 1952-ல் 'அம்புலிமாமா'வுக்குப் போனவர், அந்தப் பத்திரிகை ஓய்கிறவரையில் சுமார் அறுபது வருஷ காலம் அங்கேயே இருந்தார். 2020-ல் தொண்ணூற்றாறாவது வயதில் காலமானார். பத்மஸ்ரீ விருது அதற்கு அடுத்த வருஷம் அறிவிக்கப்பட்டது. நம் தேசத்தில் விருதுகள் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும் போலும்!

சங்கர் வரைந்த படங்களின் மூலையில் அவருடைய கையெழுத்து இருக்கும். ஆனால் கையெழுத்து வேறு, உரிமை வேறு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், சம்பளத்துக்கு வரைந்த சித்திரத்தின் முதல் உரிமை பொதுவாக எஜமானரையே சேரும். பத்திரிகைச் சித்திரமானால் பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு அந்த உரிமை பத்திரிகை உடையவருக்கு. படக்கதைத் தொழிலில் இறங்குகிற பிள்ளைகள் பென்ஸிலைச் சீவுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி இது.

தெரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள் இரண்டு அமெரிக்க வாலிபர்கள். ஜெர்ரி ஸீகல் கதை எழுதினார். ஜோ ஷஸ்டர் படம் போட்டார். அவர்கள் படைத்த 'சூப்பர்மேன்' 1938-ல் வெளியாயிற்று. அந்தக் கதாபாத்திரத்தின் உரிமை முழுவதையும் அவர்கள் பதிப்பாளருக்கு விற்ற விலை நூற்றுமுப்பது டாலர்! பாத்திரம் கோடிக் கணக்கில் சம்பாதித்தது, படைத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். வழக்காடித் தோற்று, கடைசியில் பத்திரிகைகள் கூக்குரலிட்ட பிறகு, 1975-ல்தான் வருஷாந்தர உதவித் தொகையும், கதையின் தொடக்கத்தில் அவர்கள் பெயரைப் போடும் வழக்கமும் ஏற்பட்டன.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வேண்டுமா? 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவர ஆரம்பித்தது. முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மாத்திரம் தெரியும் அந்த மாயாவிக்காகத் தென்னார்க்காட்டுச் சிறுவர்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தவம் கிடந்தார்கள். எனக்கு முந்தின தலைமுறையினர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு ஜீஸஸ் பிளாஸ்கோ என்ற பெயர் தெரியும்? இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் அந்த மாயாவியை முதலில் வரைந்தவர் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர். வரைந்தவருடைய பெயரைப் போடும் வழக்கம் அந்நாளில் அங்கத்திய சிறுவர் பத்திரிகைகளில் இல்லை. மாயாவியைப்போலவே அவரும் மறைந்து, கை மட்டும் தெரிந்தது!

இந்த நிலைமையைக் கண்டு சலித்தவர்கள்தான் சுயேச்சை வழியைத் தேடினார்கள். ராபர்ட் கிரம் என்னும் அமெரிக்கர் 1968-ல் தாம் வரைந்த படக்கதைப் புத்தகத்தைக் குழந்தையைத் தள்ளும் வண்டியில் அடுக்கி ஸான்பிரான்ஸிஸ்கோ வீதிகளில் விற்றார். ஆர்ட் ஸ்பீகல்மன் என்பவர் 1980 முதல் தாமும் தம் மனைவியும் நடத்திய பத்திரிகையில், ஹிட்லரின் கொலைக்களத்திலிருந்து தப்பிய தம் தகப்பனாரின் கதையை எலிகளும் பூனைகளுமாக வரைந்து தொடர்ச்சியாக வெளியிட்டார். அந்த 'மௌஸ்' 1992-ல் புலிட்ஸர் விசேஷப் பரிசு பெற்றது. அதன் பிறகுதான் படக்கதை என்பது குழந்தைகள் சமாசாரம் என்ற எண்ணம் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மாறிற்று.

நம்மவர்களில் பாதி வயது வரையில் சம்பளமும், பாதி வயதுக்கு மேல் சுயேச்சையுமாக வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. கோபுலு என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து, கும்பகோணம் சித்திரப் பள்ளியில் படித்தவர். ஒரு வார்த்தையும் எழுதாமல் நாலு கட்டங்களில் ஊரைச் சிரிக்க வைத்தவர். 'ஆனந்த விகட'னில் புகழின் உச்சியில் இருந்தபோது, 1963-ல் அதை விட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனார். 1972-ல் 'ஆட் வேவ்' என்று சொந்தமாகவே விளம்பர நிலையம் தொடங்கினார். சோப்புக்கும் பிஸ்கோத்துக்கும் படம் போட்டுக் கலையைக் குறைத்துக்கொண்டார் என்று அந்நாளில் முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். என் அபிப்பிராயம் அப்படியல்ல. விளம்பரம் வீட்டு வாடகையைக் கொடுத்தபடியால்தான் கதைப் படங்களை மனதுக்குப் பிடித்தபடி அவரால் வரைய முடிந்தது. பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015-ல் காலமாகும்வரை பென்ஸிலைக் கீழே வைக்கவில்லை.

கோபுலுவைப்பற்றி இன்னொரு விஷயம். அவர் இளைஞராக வேலை தேடி வந்தபோது, விகடனின் தலைமைச் சித்திரக்காரராக இருந்த மாலி அவருக்கு வைத்த பரீட்சை என்ன தெரியுமா? தியாகராஜ சுவாமிகள் பூஜை செய்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தை நேரில் போய்ப் பார்த்து வரைந்து வரச் சொன்னார். ஊகித்து வரையாதே, போய்ப் பார் என்பதே பாடம். இந்தப் பாடம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பெல்ஜியத்தில் 'டின்டின்' கதைகளை வரைந்த எர்ஜே, ஆரம்பத்தில் பிற தேசங்களைக் கேள்வி ஞானத்தைக் கொண்டே வரைந்து தள்ளியவர். 1934-ல் சீனாவைப்பற்றி ஒரு கதை தொடங்கவிருந்தபோது, பிரஸ்ஸல்ஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த சாங் என்னும் சீன மாணவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. சீனரின் எழுத்து, வீடு, வீதி, தூரிகை பிடிக்கும் முறை எல்லாவற்றையும் சாங் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பின் எர்ஜே வரைந்த ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆதாரம் தேடினார்.

என் மாணவனுடைய நோட்டுக்கு வருகிறேன். அதில் எல்லா முகங்களுக்கும் கண்கள் தாமரை இலை அகலம். ஜப்பானியப் படக்கதைகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. திண்டிவனத்துப் பாட்டிக்கு டோக்கியோக் கண் எதற்கு என்று முதலில் எனக்கும் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தேன். ஜப்பானியருக்கே அந்தக் கண் இரவல்தான். அங்கே படக்கதையை வளர்த்த ஒஸாமு தெஸூகா, அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி படங்களில் மயங்கி அங்கிருந்து எடுத்துக்கொண்டது அது. ஆகையால் பிறரைப் பார்த்து வரைவதில் குற்றமில்லை. நோட்டில் பூக்கூடையை மட்டும் பையன் யாரைப் பார்த்தும் வரையவில்லை. மூங்கில் சிம்பு ஒன்று விளிம்பில் பிரிந்து நிற்கிறது. அதில் பிளாஸ்டிக் கயிற்றைச் சுற்றியிருக்கிறது. தினமும் காலை ரயிலில் நான் பார்க்கிற கூடைதான் அது. ஆனால் அந்தக் கயிற்றை நான் பார்த்ததே, அவன் நோட்டைப் பார்த்த மறுநாள்தான்!

சனிக்கிழமை விடுமுறை. பையனை விழுப்புரத்துக்கு வரச் சொல்லி, திருவண்ணாமலை செல்லும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கீழ்வாலைக்குப் போனேன். சாலைக்குச் சற்று உள்ளே தள்ளிப் பெரிய பெரிய பாறைகள். அவற்றில் செங்காவி நிறத்தில், சரித்திர காலத்துக்கு முந்தியவை என்று அறிஞர்கள் கூறும் ஓவியங்கள் இருக்கின்றன. பறவை மூக்குள்ள மனிதர்கள், குதிரைமேல் ஒருவன், படகில் சிலர். பையன் வெகு நேரம் அசையாமல் நின்றான். "சார், இவர்கள் கட்டம் போடவில்லையே. எது முதல், எது பின் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். இருபது வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கட்டம் போட்டுக் கதை சொல்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. காஞ்சீபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மதிலில், இரண்டாம் நந்திவர்மன் பட்டம் ஏறிய வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பக் கட்டங்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றுக்கு அடியில் விளக்க எழுத்தும் உண்டு. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை தமிழ்க் குறிப்புகளோடு வர்ணத்தில் ஓடுகிறது. நம் ஜில்லாவிலேயே செஞ்சிப் பக்கம் பனமலைக் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்து அம்பிகையின் ஓவியம் அரைகுறையாக மிஞ்சியிருக்கிறது. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைக் குடைவித்த மகேந்திரவர்மனுக்கோ 'சித்திரகாரப்புலி' என்றே விருதுப் பெயர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதைச் செய்தேன் என்று அவன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ராஜாவானபடியால் பெயரை வெட்டிக்கொள்ள முடிந்தது. கீழ்வாலைச் சித்திரக்காரனுக்கு அந்த வசதி இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையனுக்கு ஒரு குறை சொன்னேன். அவன் கட்டங்களில் பேச்சுக்கு விட்ட இடம் போதவில்லை; எழுத்துக்கள் எறும்பு ஊர்வதுபோல் நெருக்கிக்கொண்டிருந்தன. இங்கிலீஷில் மூன்றெழுத்தில் முடிகிற சொல் தமிழில் ஏழெழுத்துக்குக் குறையாது. அயல் நாட்டுப் படக்கதைகளைத் தமிழாக்குகிறவர்கள் படுகிற அவஸ்தையே இதுதான். அவர்கள் வேறொருவர் விட்டுவைத்த இடத்தில் நம் சொற்களைத் திணிக்கவேண்டும். சொந்தமாக வரைகிறவனுக்கு அந்தத் தலைவிதி இல்லை. முதலில் பேச்சை எழுதிக்கொண்டு பிறகு படத்துக்கு இடம் விடலாம். பையன் நோட்டை வாங்கிப் பார்த்து, "பாட்டியைக் குறைவாகப் பேச வைத்துவிடுகிறேன், சார்" என்றான். அதுவும் ஒரு வழிதான்!

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனேன். தகப்பனார் எழுந்து நின்று ஸ்டூலை எடுத்துப் போட்டு, காப்பி வரவழைத்தார். வியாபாரத்துக்கு நடுவில் பேச்சு நடந்தது.

"உங்கள் கேள்விக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரம் மட்டும் சோறு போடும் என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இந்தத் தொழிலில் பெயர் எடுத்தவர்கள்கூட வேறு ஒரு கையால் சம்பாதித்துத்தான் இந்தக் கையால் வரைந்திருக்கிறார்கள். டில்லியில் ஒருவர் உங்களைப்போலவே கடை வைத்திருந்தார்" என்றேன்.

"கடையா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாம். ஆகையால் பையன் கடையில் உட்காரட்டும், கணக்கும் படிக்கட்டும். பன்னிரண்டாவது வகுப்பு தேறினால் சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசினர் கவின்கலைக் கல்லூரிக்கு மனுப் போடலாம். சென்னைக் கல்லூரி 1850-ல் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. பட்டம் உண்டு. பட்டம் இருந்தால் என்னைப்போல் பள்ளிக்கூடத்திலாவது ஒரு மூலை கிடைக்கும்."

"அதுவரையில்?"

"அதுவரையில் நோட்டைப் பிடுங்காதீர்கள். நானும் பிடுங்கமாட்டேன்."

அவர் பதில் சொல்லாமல் ஓர் அம்மாளுக்குத் துவரம் பருப்பு நிறுத்துக் கொடுத்தார். பிறகு நோட்டை வாங்கி, முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்து, விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். அன்று மாலை பள்ளிக்கூடத்தில் அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதைச் சிரிப்பு என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை.

"சார் சொன்னாரென்று மூலையில் பேர் எழுதியிருக்கிறேன், அப்பா" என்றான் பையன், சாக்குகளுக்குப் பின்னால் நின்றபடி.

தகப்பனார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த மூலையை உற்றுப் பார்த்தார்.

"இனிஷியல் எங்கேடா?" என்றார்.